மிஞ்சிய ஒயர்

“உனக்கும் சுடுதா?” என்று அம்சவள்ளி அக்கா என்னைக் கேட்டாள்.

காரின் முன்சீட்டில், அவள் எழுந்துகொண்ட இடத்தில், என்னை உட்கார வைத்திருந்தார்கள். அவள் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு தூறலில் நின்றாள். ஒரு கை வயிற்றுக்கு அடியில் இருந்தது. முந்தின நாள்தான் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். அவள் மூச்சு விடும்போதெல்லாம் அவை ஒன்றையொன்று தொட்டு ஓய்ந்தன. அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமனார், உப்பள முதலாளி காசிலிங்கம், குடைக்குள் நின்றார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் டிரைவர் இருசப்பன். பின்சீட்டில், பலகாரக் கூடைகளுக்கு நடுவில், மகளைப் பிரசவத்துக்கு இடையஞ்சாவடிக்கு அழைத்துப்போக வந்திருந்த அவளுடைய அம்மா முத்தம்மாள். கொட்டகை வாசலில் என் நைனா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலைக்கு நடுவில் கூப்பிட்டதால் ரெக்சின் வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமலே வந்திருந்தேன். அதைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

என்னை யாராவது எதையாவது கேட்டால் எனக்கு ஆகாது. அதனால்தான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பாடம் வராமல் இல்லை. பதில் தெரிந்த கேள்விதான் இன்னும் மோசம். பதில் தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்து வீங்கிக்கொள்ளும். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். என் காதுக்குள் கடல் இரையும். நைனா சீட்டு தைக்கிறவர். பஸ், லாரி, சைக்கிள், எது வந்தாலும் தைப்பார். பாண்டி ரோட்டில், உப்பளம் தொடங்குகிற இடத்தில் எங்கள் கொட்டகை. அங்கே ஊசிக்கு நூல் கோத்துக் கொடுக்கலாம், தேங்காய் நாரைப் பிரித்து உதறலாம், ரெக்சின் ஓரம் வெட்டலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. “பேரு சரஸ்வதி, படிப்பு மட்டும் ஏறல” என்று இருசப்பண்ணன் சிரிப்பார். அது கேள்வி இல்லை என்பதால் அதற்கும் பதில் வேண்டியதில்லை.

அந்தக் கார் ஆரோவில்லில் இருந்த ஒரு வெள்ளைக்காரருடையது. பனி பெய்கிற தேசத்திலிருந்து நாடு நாடாக அதை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தவர், திரும்பும்போது விமானத்தில் போய்விட்டார். காசிலிங்கம் முதலாளி அதை வாங்கினார். ஸ்டீயரிங் இடதுபக்கம் இருந்ததால் வலதுபக்கம் உட்கார்ந்திருக்கும் முதலாளிதான் ஓட்டுகிறார் என்று நினைத்து, எதிரில் வந்த வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்து ஓரம் கட்டினார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. கோடை முழுக்க அந்தச் சீட்டில் உட்கார்ந்தே உப்பளத்துக்கும் பாண்டிக்கும் போய்வந்தார். ஆடி பிறந்தபோது உட்காருகிற இடத்தில் அவருக்கு வேனல்கட்டி வந்துவிட்டது. “வெள்ளைக்காரன் தோல் சீட்டு நம்ம உடம்புக்கு ஒத்துக்கல தேசப்பா. கயட்டிப் போட்டுட்டு நம்ம ஊரு சீட்டா வச்சுக் குடு” என்று நைனாவிடம் காரை அனுப்பினார்.

நைனா அந்தத் தோலைக் கிழித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பஞ்சுக்கு நடுவில் ஒரு மெல்லிய கம்பி, பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து ஓடியிருந்தது. நைனா கையை எடுத்துவிட்டார். இருசப்பண்ணன் குனிந்து பார்த்தார்.

“ஏம்பா, இது கரண்டு இஸ்திரிப் பெட்டிக்குள்ள இருக்கிற கம்பி மாதிரி இல்ல?”

“மாதிரி என்னா, அதேதான்.”

இருசப்பண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்போ இம்மாம் நாளா முதலாளிக்கு இஸ்திரி போட்டுக்கினு இருந்துருக்கேன்.” பிறகு அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. காரை ஒப்படைத்த அன்றைக்கு அந்த வெள்ளைக்காரர் சீட்டைத் தட்டிக்காட்டி, தன்னைத்தானே கட்டிக்கொண்டு, பல்லைக் கிடுகிடுவென்று ஆட்டிக்காட்டினாராம். “நான் என்னாத்தக் கண்டேன். மனுசனுக்குக் குளிர் ஜொரம்னு நெனைச்சு, மாத்திரை வாங்கியாரவான்னு கேட்டேன்.”

சீட்டுகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். தரை விரிப்புக்கு அடியிலிருந்து வந்த இரண்டு தடித்த ஒயர்கள் மட்டும் மிஞ்சின. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்புக் கோடு போட்டது. இரண்டின் முனையும் ஒரு வெள்ளைக் கட்டைக்குள் போயிருந்தது. அந்தக் கட்டை நைனா செய்த புதுச் சீட்டின் மரச்சட்டத்தில் இடித்தது. இருசப்பண்ணன் இலங்கை ரேடியோ கேட்பதற்காகச் சாவியைத் திருகிவைத்துக்கொண்டு பின்சீட்டில் காலாட்டிக்கொண்டிருந்தார்.

“இருசப்பா, இந்த ஒயரை என்னா பண்றது?”

“அறுத்துடுங்க. சீட்டே போச்சு, அதுக்கு இனிமே என்னா வேலை?”

நைனா கட்டிங் பிளேயரை வைத்து அறுத்தார். நீலமாக ஒரு பொறி தெறித்தது. ரேடியோ நின்றது. கூடவே ஸ்டீயரிங் பக்கத்து முன்பலகையில் எரிந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் அணைந்தது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பலகையில் ஒரு பித்தான். அழுத்தினால் அதற்குள்ளேயே குன்றிமணி அளவில் சிவப்பாக வெளிச்சம் வரும். அது எதற்கென்று யாருக்கும் தெரியாது. இருசப்பண்ணன் காரை எடுத்த முதல் நாளே அதற்கு நேர் மேலே மயிலம் முருகன் படத்தை ஒட்டி, பித்தானை அழுத்திவிட்டார். சித்திரை வெயிலிலும் அதை அணைத்ததில்லை. சாமிக்கு விளக்கு.

நைனா அறுந்த முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு மின்சாரம் தெரியாது. எங்கள் வீட்டில் அரிக்கேன்தான். “உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு. இனிமே இது செத்த ஒயர்” என்றார், வெடித்து முடிந்த பட்டாசைச் சொல்வது மாதிரி. கிழிந்த உப்பு மூட்டைச் சாக்கிலிருந்து ஒரு பட்டையை உரித்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு சுற்று விட்டு, ஒன்றாக இறுக்கிக் கட்டினார். எங்கள் பக்கத்தில் எதைக் கட்டுவதென்றாலும் அந்தப் பட்டைதான். வேலிப்படல், கட்டுமரத் துடுப்பு, மாட்டின் காயம். சீட்டுக்குள்ளேயும் ஸ்பிரிங் முனை ரெக்சினைக் குத்தாமலிருக்க அதைத்தான் நைனா சுற்றுவார். அப்படி அவர் தைத்த பஸ் சீட்டுகள் வருசக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. கட்டிய முடிச்சை ஸ்பிரிங்குக்கு நடுவில் செருகி, மேலே நாரை அடைத்து, பச்சை ரெக்சினை இழுத்துத் தைத்தார். நன்றாக இருந்தது. கை வைத்தால் வழுக்கியது.

அதற்குள் இருசப்பண்ணன் முன்பலகைக்கு அடியில் தலையை விட்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். “பீஸ் போயிருக்குது. செம்புக்கம்பி சுத்திட்டேன், இனிமே எந்தக் காலத்துலயும் போவாது” என்று எழுந்தார். பித்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒயரை அறுத்ததும் விளக்கு போனது. அப்படியென்றால் இரண்டும் ஒரே வழியில் வருகிறவை. விளக்கு திரும்பி வந்துவிட்டது என்றால் ஒயரிலும் திரும்பி வந்திருக்கும். எனக்கு இவ்வளவுதான் தெரிந்தது. வேறு யாராவது இதை நினைத்தார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்று சோறு போடும்போது, “நைனா, அந்த ஒயருல…” என்று ஆரம்பித்தேன். “தச்சு முடிச்ச சீட்டைப் பத்தி வாயத் தொறக்காத” என்றார். கோபமாகக்கூட இல்லை. முதலாளியின் லாரிகள், அவர் தம்பியின் பஸ், எல்லாமே எங்கள் கொட்டகைக்குத்தான் வந்தன. அவருக்கு வேறு பயம் இருந்தது.

ஆவணியும் புரட்டாசியும் காய்ந்தே கிடந்தன. அந்தக் கார் ரோட்டில் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பார்ப்பேன். புழுதிதான் கிளம்பும். புழுதியா புகையா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு அது கண்ணுக்கு மறைகிறவரை நிற்பேன். பிறகு ஐப்பசி மழை பிடித்தது. உப்பளத்தில் வேலை நின்றது. குவித்துவைத்த உப்பின்மேல் பனையோலை வேய்ந்தார்கள். எங்கள் கொட்டகை மூலையில் சாத்திவைத்திருந்த பழைய சாக்குகள், மழைத்துளி ஒன்றும் படாமலே, வியர்க்க ஆரம்பித்தன. தொட்டால் கை நனைந்தது. நாக்கில் வைத்தால் கரித்தது. அவை சாய்ந்திருந்த சுவரில் ஈரம் கறுப்பாக மேலே ஏறியது. பச்சை ரெக்சினுக்குள், நாருக்கு நடுவில், அந்த முடிச்சும் இப்படித்தானே நனைந்திருக்கும்? நனைந்த சுவரில் சுவிட்சைத் தொட்டு உதறிக்கொண்ட மில்காரர் கதையை எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். ஈரமும் உப்பும் கரண்டும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததால் எல்லாமே ஆகும் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் அம்சவள்ளி அக்கா முன்சீட்டுக்கு வந்தாள். மாசமாக இருந்தவளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று, முதலாளி தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். ஒருநாள் இருசப்பண்ணன் கொட்டகையில் பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: “சின்னம்மா சீட்டு சுடுதுங்குது. மழை பேயுது, எனக்கே வெடவெடன்னுது. அதுக்குச் சுடுதாம்.” வீட்டில் மாமியார், உப்பளத்து ஓரமாகச் சாயங்காலத்தில் நடந்ததில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றார்களாம். பூசாரி வந்து கயிறு மந்திரித்துக் கட்டினார். அவள் புருசனோ, தலைச்சன் பிரசவம் என்பதால் பயப்படுகிறாள் என்று சிரித்தானாம். நைனா ரெக்சினை மடித்துத் தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஊசி அவர் விரலில் ஏறியது. அவர் ஊசி ஏற்றிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

இருசப்பண்ணன் புறப்படும்போது கார்வரை போனேன். கதவு திறந்திருந்தது. முருகனுக்குக் கீழே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பித்தானை நோக்கி விரலை நீட்டினேன். என் கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. “சாமி வெளக்கு. பொட்டைப் பிள்ளைங்க தொடக் கூடாது” என்றார். விளக்கை அணைத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டையில் வீங்கிக்கொண்டது.

வளைகாப்புக்கு மறுநாள் காலையில்தான் கார் கொட்டகை முன்னால் வந்து நின்றது. அது பாண்டிப் பக்கம் போகிற வழி. நிற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் அம்சவள்ளி அக்கா கதவைத் திறந்துவிட்டாளாம், ஓடுகிற காரில். சுடுகிறது, இதற்குமேல் உட்கார மாட்டேன் என்று.

“தேசப்பா, நீயே சொல்லுய்யா” என்று முதலாளி குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். “நீதான தச்ச. உள்ள என்னா வச்ச? நாரு. நாரு சுடுமா?”

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். “சுடாதுங்க முதலாளி” என்றார். குரல் தரையைப் பார்த்து வந்தது.

“கேட்டுக்கிட்டியாம்மா?”

பின்சீட்டிலிருந்து முத்தம்மாள் தலையை நீட்டினாள். “ஏண்டி, சம்பந்திய நடு ரோட்டுல நிக்க வச்சு அசிங்கப்படுத்துற. நல்ல நேரம் போவுது, ஏறு.” பிறகு முதலாளியிடம், “மனசுல வச்சுக்காதீங்க அண்ணே. சின்ன வயசுலேர்ந்தே இதுக்குக் கொஞ்சம் பிடிவாதம்” என்றாள்.

அம்சவள்ளி அக்கா கொட்டகைக்குள் இருந்த என்னைப் பார்த்தாள். “ஆம்பளைங்க சொல்ல வேணாம். அந்தப் பொண்ணு உக்காந்து பார்க்கட்டும்” என்றாள். அவளும் நானும் அதற்கு முன்பு பேசிக்கொண்டது கிடையாது. கோயிலில் ஒரு தடவை என் பாவாடைக் கிழிசலைப் பார்த்து, பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான் பழக்கம்.

நான் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை, ரெக்சின் சில்லென்றுதான் இருந்தது. பிறகு யாரோ இப்போதுதான் எழுந்துபோன இடம் மாதிரி ஒரு வெதுவெதுப்பு. அவள் எழுந்த இடம்தானே, அவள் உடம்புச் சூடாக இருக்கும் என்று என் மனசு அவசரமாக ஒத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சூடு ஆறவில்லை. இடது தொடைக்குக் கீழே, நைனா முடிச்சைச் செருகிய இடத்தில், உள்ளேயிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. மூக்கில் ஒரு வாசனை. ஈரச் சாக்கை அடுப்பு ஓரத்தில் காயப்போட்டால் வருகிற வாசனை. கண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கு.

“உனக்கும் சுடுதா?”

“சுடலன்னு சொல்லு பாப்பா” என்றார் முதலாளி, தன்மையாகத்தான். “அதுக்குத் தைரியமா இருக்கும்.”

நைனாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினாரா, மழைத்தண்ணியை உதறினாரா தெரியவில்லை. காதுக்குள் கடல் வந்துவிட்டது. சுடுது என்றால் நைனா பொய் சொன்னதாகிவிடும், கொட்டகை மூடிவிடும். சுடவில்லை என்றால் இவள் ஏறி உட்காருவாள். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். இடையஞ்சாவடி வரைக்கும் போக வேண்டும். பின்னால் பெட்ரோல் இருக்கிறது. இவள் சுடுது சுடுது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. நான் சுடவில்லை என்று சொன்னால் நம்பிவிடப் போகிறவள் மாதிரி இருந்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சீட்டிலிருந்து சறுக்கி இறங்கி, கதவோரம் மண்டியிட்டேன். கத்தி கையில்தான் இருந்தது. பச்சை ரெக்சினில் குத்தி, என் பக்கமாக இழுத்தேன். நைனாவின் தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தது.

“ஏய்” என்றார் நைனா. அவர் ஓடிவருகிற சத்தம் கேட்டது. என் தலைக்கு மேலே அவர் கை ஓங்கியதும் தெரிந்தது. அது விழவில்லை.

கிழிசலிலிருந்து புகை வந்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு கை தடிமனுக்கு, மஞ்சளாக. நார் உள்ளே கறுத்துப்போயிருந்தது. காற்று பட்டதும் அதன் ஓரங்களில் சிவப்பாகப் புழு நெளிகிற மாதிரி ஓடியது. முத்தம்மாள் பின்கதவைத் திறக்கத் தெரியாமல் கண்ணாடியில் அடித்தாள். இருசப்பண்ணன் ஒரே பாய்ச்சலில் வெளியே குதித்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். கூடைகள் உருண்டு, முறுக்கும் அதிரசமும் சேற்றில் விழுந்தன.

“வெளக்க அணைங்க” என்றேன். அது என் குரல்தான். இருசப்பண்ணன் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அவர் கை போகவில்லை. அம்சவள்ளி அக்கா என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, வயிற்றைச் சாய்த்துக் குனிந்து, புகைக்குள் கையை விட்டாள். வளையல்கள் முன்பலகையில் உரசின. பித்தானை அழுத்தினாள். சிவப்பு அணைந்தது.

நைனா இரண்டு கையாலும் நாரை அள்ளி அள்ளி மழையில் எறிந்தார். சுரீர் சுரீரென்று அது தண்ணியில் அணைந்தது. கடைசியில் முடிச்சு வந்தது. சாக்குப்பட்டை கரியாகியிருந்தது. அதற்குள் இரண்டு செம்பு முனைகளும் பச்சையாகப் பூத்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதைக் கையில் பிடித்தபடியே படிக்கட்டு மாதிரி இருந்த கார் ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். உள்ளங்கை வெந்து தோல் வழன்றிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

முதலாளி நைனாவைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். குடையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “இருசப்பா, லாரிய வரச் சொல்லு. இல்லன்னா தம்பி வீட்டு ஜீப்பு…” என்றார். “வள்ளி, நீ கொட்டாய்க்குள்ள ஒக்காரும்மா. நனையாத.”

அவள் சேற்றில் கிடந்த தன் துணிப்பையை எடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். திண்டிவனத்திலிருந்து பாண்டி போகிற பஸ், முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, உப்பளத்துக் குறுக்கே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் ரோட்டுக்கு நடந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

“வள்ளி” என்றார் முதலாளி. அவள் திரும்பவில்லை. “வள்ளி, இந்தா…” பஸ் நின்றது. முத்தம்மாள், “வந்துடறோம் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே” என்று சொல்லிக்கொண்டே, பாதிக் கூடைகளோடு ஓடினாள்.

முதலாளி இருசப்பண்ணன் பக்கம் திரும்பினார். “தலைச்சம் பிரசவத்துக்குப் போறவ சொல்லிக்காமத்தான் போவணும். அதான் மொறை” என்றார். இருசப்பண்ணன் தலையாட்டினார். அது முறைதான். எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். ஆனாலும் வாசலில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் கத்தியைப் பிடித்தபடி ரோட்டோரம்வரை போயிருந்தேன். பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து அவள் தன்னை மேலே இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் கை கொடுத்தார். அவள் அதைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்தாள். உள்ளே யாரோ எழுந்து ஜன்னலோரம் இடம் விட்டார்கள். உட்காருவதற்கு முன்னால் அவள் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் அப்படியே நின்றாள். பஸ் கிளம்பி, ஓலை போர்த்திய உப்புக் குவியல்களைத் தாண்டிப் போகிறவரைக்கும் அவள் நின்றுகொண்டே போனது தெரிந்தது.